‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’: எந்தப் பதிவைப் போடுவது?

எங்கள் குடும்ப நண்பர் ஒருவருக்குக் கல்யாணமாகி 25 வருடம் நிறைகிறது. மண்டபம், மேடை எதுவும் வேண்டாம், மொட்டை மாடியில் வேண்டியவர்கள் இருபது பேருக்குச் சாப்பாடு போதும் என்று சொல்லிவிட்டார். சாப்பாடு ஆனதும் ஒரே ஒரு பாட்டு. எப்போதோ ஒரு படத்தில் கேட்ட ஆங்கிலப் பாட்டாம், கடைசியில் பாடகர் “காட்டா, காட்டா” என்று கத்துவாராம், மனதிலேயே நின்றுவிட்டதாம். ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ என்று பெயரைக் கண்டுபிடித்துப் போனில் தேடியிருக்கிறார். வந்து விழுந்தது ஒன்றல்ல. “தம்பி, இதைப் பாடாத ஆளே கிடையாது போலிருக்கே. எதைப் போடறது?” என்று என்னைக் கேட்டார்.

நான் முதலில் திருப்பிக் கேட்டது: “அண்ணியிடம் இந்தப் பாட்டின் அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறீர்களா?”

இல்லை. காதல் பாட்டு, அவ்வளவுதானே என்றார். காதல் பாட்டுதான். ஆனால் காதலியைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அல்ல. அவள் களைத்திருப்பாள், பெண்கள் களைத்துத்தான் போவார்கள், அதே பழைய உடையை உடுத்தி உடுத்தி அலுத்திருப்பாள், அப்படி இருக்கும்போது அவளிடம் கொஞ்சம் கனிவாக இருந்து பார். இதுதான் பாட்டு. ஓர் ஆள் இன்னோர் ஆணுக்குச் சொல்லும் புத்திமதி. அந்தப் பெண் பாட்டு முழுவதும் ‘அவள்’தான், ஒரு இடத்தில்கூட ‘நீ’ ஆவதில்லை. ஊருக்கு உபதேசம் உனக்கல்லடி பெண்ணே என்பார்களே, கிட்டத்தட்ட அதே அமைப்பு.

அதனால் குரல் நன்றாக இருக்கிறதா, ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இந்தப் பாட்டில் ஒரு பதிவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த உபதேசத்தைச் சொல்வது யார், யாருக்குச் சொல்கிறார், சொல்கிறவருக்கு அதில் ஏதாவது பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எண்பது, தொண்ணூறு வருடத்துப் பதிவுகளை நான் அந்தக் கண்ணோடுதான் வரிசைப்படுத்துகிறேன்.

பாட்டு பிறந்தது 1932-இல். கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து பிற்பாடு கிளைத்த ‘சோல்’ என்ற இசைவகையே அப்போது கிடையாது. எழுதியவர்கள் மூவர்: ஜிம்மி கேம்ப்பெல், ரெக் கானெலி என்ற இரண்டு ஆங்கிலேயர், ஹாரி வுட்ஸ் என்ற அமெரிக்கர். வுட்ஸுக்குப் பிறவியிலேயே இடது கையில் விரல்கள் இல்லை. ஆனாலும் பியானோ கற்று, அதிலேயே பிழைத்தவர். அவரைப் பற்றி இசைத்துறையில் விடாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மதுக்கடை ஒன்றில் சண்டை. வுட்ஸ் ஒருவனைக் கீழே தள்ளி, அந்த விரலில்லாத கையால் வெளுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்த யாரோ, “யார் இந்தக் கொடுமைக்காரன்?” என்று கேட்க, பக்கத்திலிருந்தவர் சொன்னாராம்: “அவர்தான் ஹாரி வுட்ஸ். ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ எழுதியவர்.” நடந்ததோ இல்லையோ, உபதேசத்துக்கும் உபதேசிப்பவருக்கும் உள்ள தூரத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

முதல் பதிவு அந்த வருடமே டிசம்பரில் வந்தது. ரே நோபிள் இசைக்குழு, பாடியவர் வால் ரோசிங். மேட்டுக்குடி நடன அரங்குக்கான இசை. ஜோடிகள் வழுக்கிக்கொண்டு சுற்றி வரலாம், வேர்க்காது. ஆனால் வருடத்தைக் கவனியுங்கள். உலகப் பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம் அது. ‘அதே பழைய உடை’ என்ற வரி அன்று அலங்காரப் பேச்சு அல்ல, மாற்றுத் துணி வாங்கக் காசில்லாத வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அவ்வளவு கனமான வரியை ரோசிங் தேநீர்க் கோப்பையை நீட்டுவதுபோல மென்மையாக நீட்டுகிறார். அடுத்த வருடமே அமெரிக்காவில் ரூத் எட்டிங், டெட் லூயிஸ், பிங் கிராஸ்பி என்று வரிசையாகப் பாடினார்கள். ஆர்வமிருந்தால் கேட்கலாம். மொட்டை மாடிக்கு வேண்டாம். இருபது பேரில் பதினெட்டு பேர் பழைய வானொலி என்று நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள்.

ஃப்ராங்க் சினாட்ரா இரண்டு முறை பாடியிருக்கிறார். 1945-இல் ஒன்று, சின்னத் தந்திக்குழுவோடு. மறுவருடம் ‘தி வாய்ஸ் ஆஃப் ஃப்ராங்க் சினாட்ரா’ தொகுப்பில் வந்தது. 1960-இல் இன்னொன்று, நெல்சன் ரிடில் இசையமைப்பில், ‘நைஸ் அண்ட் ஈஸி’ தொகுப்பில். இளம் சினாட்ரா உபதேசத்தைக் காதில் கிசுகிசுக்கிறார். நடுவயது சினாட்ரா, வேலை முடிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்த சிநேகிதன் மாதிரி சொல்கிறார்: கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். சாப்பாடு நடக்கும்போது பின்னணியில் ஓடவிட இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இங்கே அதுவே குறையும்கூட. பேச்சை நிறுத்தவைக்காது. ஒரே ஒரு பாட்டு என்றால் அது பேச்சை நிறுத்தவேண்டுமா, வேண்டாமா?

இடையில் ஒரு விஷயம், தேர்வுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964-இல் வந்த, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தின் தொடக்கத்தில், அணுகுண்டு விமானம் ஒன்றுக்கு நடுவானில் இன்னொரு விமானம் எரிபொருள் நிரப்பும். இரண்டும் கொஞ்சிக்கொள்வதுபோல இருக்கும். பின்னால் ஓடுவது இதே மெட்டு, குரல் இல்லாமல் வாத்தியங்களில் மட்டும். 1960-களின் நடுவில் இந்தப் பாட்டுக்கு என்ன மரியாதை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கேலிக்குப் பயன்படும் அளவுக்குப் பழசாகிவிட்டிருந்தது.

ஆனால் அதற்குள் கறுப்பினப் பாடகிகள் இருவர் பாட்டைச் சத்தமில்லாமல் வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள்.

முதலாமவர் லிட்டில் மிஸ் கார்ன்ஷக்ஸ். இயற்பெயர் மில்ட்ரெட், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்துக்காரர். இரவு விடுதிகளில் பாடுவார். மற்ற பாடகிகள் மினுமினுக்கும் நீள அங்கியில் வரும்போது இவர் வைக்கோல் தொப்பி, கையில் கூடை, நைந்த கட்டம்போட்ட கவுன், வெறுங்கால் என்று மேடையேறுவார். பார்த்தவுடன் சிரிப்பு வரும். வாயைத் திறந்ததும் அடங்கிவிடும். பின்னாளில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய அஹ்மெத் எர்ட்டெகுன், இளைஞராக இருந்தபோது வாஷிங்டன் விடுதி ஒன்றில் இவரைக் கேட்டு அசந்துபோய், தன் சொந்த ஆசைக்காகவே இவர் குரலைப் பதிவு செய்தார். அப்படிப்பட்டவர் 1951-இல் ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ பாடினார். நைந்த உடை என்ற வரியை நைந்த உடையே வேடமாகக் கொண்ட பெண் பாடினால் எப்படி இருக்கும்? இதுவரை யாரோ யாரையோ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே பேசப்பட்டவளே எழுந்து நின்று பேசுகிறாள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, உடைத்து, அழுகைக்கு ஒரு படி முன்னால் நிறுத்துகிறார். இத்தனைக்கும் பெரிய பேர் எடுக்காமலே போனார். அது எனக்குத் தீராத வருத்தம்.

இரண்டாமவர் அரீதா பிராங்ளின். 1962, அப்போது அவருக்கு வயது 20. இன்னும் ‘ரெஸ்பெக்ட்’ பாடி சோல் இசையின் ராணியாகவில்லை. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை எந்தப் பெட்டியில் அடைப்பது என்று தெரியாமல் தந்தி வாத்தியங்களுக்கு நடுவே நிற்கவைத்துப் பாடவைத்துக்கொண்டிருந்த காலம். பின்னணி இசை சர்க்கரைப் பாகு, மறுக்கவில்லை. ஆனால் டெட்ராய்ட்டில் போதகரான தந்தையின் தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல், பாகுக்கு அடியில் அடங்கிக் கிடக்குமா? ‘பெண்கள் களைத்துத்தான் போவார்கள்’ என்ற இடத்தில் அவர் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஆமாம், களைப்பாகத்தான் இருக்கிறது, என்ன இப்போது என்கிற தொனி. ஒரு மனைவி காது கொடுத்துக் கேட்டால் ‘சரியாச் சொன்னே’ என்று தலையாட்டக்கூடிய பதிவு இது.

1964-இல் நியூயார்க்கின் கோப்பகபானா விடுதியில் சோல் பாடகர் சாம் குக் இதைப் பாடினார். முழுதாக அல்ல, வேறு இரண்டு பாட்டுகளோடு கோத்து. வழவழப்பான, அழகான துண்டு. துண்டு என்பதால் நம் தேவைக்கு ஆகாது. ஆனால் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் வளர்ந்த பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குக்கு சாம் குக் தெய்வம். குக் அந்த டிசம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ரெட்டிங் 1965-இல் வெளியிட்ட ‘ஓட்டிஸ் ப்ளூ’ தொகுப்பில் மட்டும் குக்கின் பாட்டுகள் மூன்று.

இப்போது 1966-க்கு வருவோம். மெம்ஃபிஸ் நகரம், மெக்லிமோர் அவென்யூ. பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது ஸ்டாக்ஸ் நிறுவனம். நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், தரையின் சரிவு மட்டும் அப்படியே இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடி ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிப்பதுதான் அங்கே முறை. ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ், கிட்டாரில் ஸ்டீவ் க்ராப்பர், பேஸில் டக் டன், டிரம்ஸில் அல் ஜாக்சன். கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர், அதுவும் நிறவேற்றுமை மாறாத 1960-களின் மெம்ஃபிஸில். ஸ்டாக்ஸின் பாடலாசிரியர் ஐசக் ஹேய்ஸும் அந்த அமர்வில் உண்டு. பாடுபவர் ஓட்டிஸ் ரெட்டிங், வயது 25.

பதிவைக் கேட்டுப் பாருங்கள். முதலில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து கோயில் வாசலில் நிற்கவைப்பதுபோல ஒரு சின்ன முன்னிசை. பிறகு குரல், கிட்டத்தட்டத் தனியாக, அவசரமே இல்லாமல். இங்கே இதுவும் உபதேசம்தான். இரண்டாம் சரணம் தொடங்கும்போது அல் ஜாக்சன் டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்ட ஆரம்பிக்கிறார். டிக், டிக், டிக். கடிகாரம் மாதிரி. வேறு எதையும் தொடவில்லை. நடந்துகொண்டிருக்கும் மெதுவான பாட்டுக்கு அடியில் இரண்டு மடங்கு வேகத்தில் அந்த ஒலி ஓடுகிறது. பாடகர் நிதானமாக இருக்கிறார், நேரம் நிதானமாக இல்லை. அந்த ஒரு யுக்தியில்தான் மொத்தப் பாட்டும் மாறுகிறது. கிட்டார் சேர்கிறது, பியானோ சேர்கிறது, ஊதுவாத்தியங்கள் படி படியாக ஏறுகின்றன. கடைசி நிமிடத்தில் சாகித்யமே கரைந்துபோய், அணைத்துக்கொள், சீண்டாதே, விட்டுவிட்டுப் போகாதே, அப்புறம் வெறும் அசைகள். நம் நண்பர் சொன்ன “காட்டா, காட்டா” அதுதான்.

என் காதுக்கு இதில் நடப்பது இதுதான்: புத்திமதி சொல்ல வந்தவர் பாதியில் தன் சொந்தக் கதை நினைவுக்கு வந்து உடைந்துபோகிறார். நண்பனுக்குச் சொல்ல ஆரம்பித்தது, கடைசியில் தன்னையே உலுக்கிக்கொள்வதாக முடிகிறது. முப்பத்து நான்கு வருடமாக யாரும் இந்தப் பாட்டில் செய்யாத காரியம். விற்பனையில் பெரிய பூகம்பம் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 25-ஆம் இடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 4. ஆனால் அதற்குப் பிறகு யார் பாடினாலும் மூலப்பாட்டு இதுதான் என்று ஆகிவிட்டது. 1932 பழங்கதையானது.

மனதை உறுத்தும் சின்ன விஷயம் ஒன்று. ‘பெண்கள்’ என்ற இடத்தை ஓட்டிஸ் ‘இளம்பெண்கள்’ என்று மாற்றிவிட்டார். 25 வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில் இதைப் போடும்போது யாராவது குறும்பாக இருமக்கூடும். அண்ணி நகைச்சுவை உணர்வுள்ளவர், சமாளிப்பார்.

ஓட்டிஸிடமே இன்னொரு போட்டி இருக்கிறது. 1967 ஜூன் 17, கலிஃபோர்னியாவின் மான்டெரே பாப் விழா. பெரும்பாலும் வெள்ளைக்கார ராக் ரசிகர்கள் கூடிய கூட்டம். ஓட்டிஸ் பாடியது ஐந்தே பாட்டு. இரண்டாவது அவரே எழுதிய ‘ரெஸ்பெக்ட்’. ஒரு பெண் இதை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள் என்று அரீதாவைக் குறித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். அரீதா பாடிய பாட்டை முன் வருடம் இவர் எடுத்தார், இவருடையதை அந்த வருடம் அவர் எடுத்தார், கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். கடைசிப் பாட்டு ‘டெண்டர்னெஸ்’. மினிஸ்கர்ட் பெண்களுக்குச் சமர்ப்பணம் என்று தொடங்கி, நைந்த உடையையும் மினிஸ்கர்ட்டாக்கி, முடிவை முடிக்கவே மனமில்லாமல் மறுபடி மறுபடி ஏற்றுகிறார். போகணும், போக மனசில்லை என்கிறார் கூட்டத்தைப் பார்த்து. அதன்பின் ஆறு மாதம்கூட இல்லை. டிசம்பர் 9 அன்று கிளீவ்லண்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதே பாட்டைப் பாடினார். மறுநாள் விஸ்கான்சின் மாநிலத்தின் மொனோனா ஏரியில் அவர் பயணம் செய்த சிறு விமானம் விழுந்தது. வயது 26.

மான்டெரே பதிவு காணொளியாகப் பார்க்கவேண்டியது. அந்த உடம்பு, அந்த வியர்வை, காலால் தரையை மிதிக்கும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. காதால் மட்டும் கேட்டால் அவசரமாகத் தெரியும். கடிகார ஒலியின் மர்மம் கூட்டத்தின் இரைச்சலில் போய்விடும். மாடியில் திரை கட்டப் போவதில்லை என்றால் விட்டுவிடலாம்.

அவருக்குப் பின் வந்தவர்களை நான் வேகமாகவே தாண்டுவேன். த்ரீ டாக் நைட் குழு 1969-இல் ஓட்டிஸின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு 29-ஆம் இடம்வரை போனது. நல்ல தொண்டை, ஆனால் நகல் நகல்தான். மைக்கேல் பூப்ளே 2005-இல் பாட்டைத் திரும்ப சினாட்ரா பக்கம் இழுத்துக்கொண்டு போனார். 2011-இல் ராப் பாடகர்கள் ஜே-ஸீயும் கான்யே வெஸ்டும் ஓட்டிஸின் குரலையே வெட்டி ஒட்டிப் புதுப் பாட்டாக்கி, அதற்கு ‘ஓட்டிஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். வெட்டிய துண்டுகளிலும் அந்தக் குரலின் சூடு குறையவில்லை. ஆனால் களைத்த பெண் அதில் காணாமல் போய்விட்டாள்.

நண்பர் படத்தில் கேட்டது எதுவென்று கடைசியில் பிடித்துவிட்டேன். 1991-இல் வந்த ‘தி கமிட்மென்ட்ஸ்’. டப்ளின் நகரத்து ஏழை இளைஞர்கள் சோல் இசைக்குழு தொடங்கும் கதை. பாடியவர் ஆண்ட்ரூ ஸ்ட்ராங். படமெடுக்கும்போது வயது பதினாறு. நாற்பது வயது லாரி ஓட்டுநரின் குரல் அந்தப் பையனுக்கு. கேட்டால் மயிர்க்கூச்செறியும், சந்தேகமே இல்லை. ஆனால் யோசியுங்கள்: பதினாறு வயதுப் பையன், பெண்டாட்டியிடம் எப்படிக் கனிவாக நடந்துகொள்வது என்று உங்களுக்குச் சொல்லித்தருகிறான். 25 வருடம் குடும்பம் நடத்தியவர் அதையா போடுவது என்று கேட்டேன். சிரித்தார், ஒப்புக்கொண்டார்.

ஆக மிஞ்சியது இரண்டு. அரீதா 1962, ஓட்டிஸ் 1966. கார்ன்ஷக்ஸ் என் சொந்தக் கட்சி. பழைய ஒலிப்பதிவு, திறந்த மாடியில் எடுபடாது, தனியாக இரவில் கேட்கச் சொல்லி அனுப்பிவைத்தேன். அண்ணி கேட்டு ரசிக்கவேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அரீதா. நண்பர் எல்லோர் முன்னாலும் தன் வாயால் சொல்ல வராத ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் ஓட்டிஸ். ஏனென்றால் பாதியில் உடைந்துபோகிற உபதேசி அவர் ஒருவர்தான். என் ஓட்டு ஓட்டிஸுக்கு, ஸ்டாக்ஸ் பதிவு. தேடும்போது மேடைப் பதிவுகள் முதலில் வரலாம், 1966 என்று பார்த்து எடுங்கள்.

போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல் நிமிடம் மெதுவாக இருப்பதால் எல்லோரும் ஒலியைக் கூட்டுவார்கள். கடைசி நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருவார். அதனால் முன்கூட்டியே கடைசிப் பகுதியை ஓடவிட்டு ஒலியை அதற்கு அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் தாழ்ந்து கேட்கும், அதுவே நல்லது, இருபது பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டுவார்கள். போனிலேயே போட்டுவிடாதீர்கள். அந்தக் குச்சித் தட்டு கேட்காவிட்டால் பாட்டே இல்லை. சுமாரான ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் போதும்.

எல்லாம் சொல்லிமுடித்துவிட்டு, “அதெல்லாம் சரி, பாட்டு ஓடுகிற நாலு நிமிடத்தில் அண்ணி உட்கார்ந்திருப்பாரா, இலை எடுத்துக்கொண்டிருப்பாரா?” என்று கேட்டேன்.

போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சமையல்காரரிடம் ஆள் இருக்கான்னு கேட்கிறேன்” என்றார்.